வெள்ளைப்படுதலும் அரிப்பும்: மறைக்க வேண்டாம், வைத்தியம் பார்ப்போம்



கொஞ்ச நாள் முன்பு ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் வசூலாகி, தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு உறுப்பினர் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டே நின்றார். "மேடம், ஒண்ணு கேக்கணும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தார்.

எட்டு மாதமாக அவருக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு. தயிர் திரிந்தது போல வெள்ளை படுகிறது. ஒண்ணுக்குப் போனால் எரிகிறது. மாமியார் "உடம்பு சூடு" என்று சொன்னதால் இளநீர், ஊறவைத்த வெந்தயம் எல்லாம் சாப்பிட்டுப் பார்த்தார். மருந்துக் கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டார். நாலு நாள் குறையும், திரும்பவும் வரும். ஆடு வாங்க எடுத்த கடனில் கொஞ்சம் இதற்கே போய்விட்டது. வீட்டுக்காரரும் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "எனக்கு ஏதாச்சும் கெட்ட நோய் வந்துடுச்சா மேடம்?" என்று கேட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். பெண் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இது பூஞ்சைத் தொற்றுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். கூடவே இரத்தத்தில் சர்க்கரையும் பார்த்தார். சர்க்கரை அதிகமாக இருந்தது. அது இருப்பதே இந்த உறுப்பினருக்கு அதுவரை தெரியாது. இப்போது இரண்டுக்கும் மருந்து எடுத்து நன்றாக இருக்கிறார். "என் பேரைப் போடாம எழுதுங்க மேடம், நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே சொன்னதால்தான் இதை எழுதுகிறோம்.

எல்லா வெள்ளைப்படுதலும் நோய் இல்லை

மாதவிலக்கு வரும் வயதில் உள்ள பெண்களுக்குக் கொஞ்சம் வெள்ளைப்படுவது இயற்கை. உறுப்பு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் வழி அது. இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக வரும். கர்ப்பமாக இருக்கும்போது கொஞ்சம் கூடுதலாகவும் வரும். அரிப்பு, எரிச்சல், நாற்றம் இல்லை என்றால் கவலை வேண்டாம். எலும்பு உருகி வெள்ளையாகப் போகிறது என்று ஊரில் சொல்வார்கள். அப்படி எதுவும் உருகுவதில்லை.

பூஞ்சைத் தொற்று எப்படி வருகிறது?

பூஞ்சை என்பது கண்ணுக்குத் தெரியாத கிருமி. இதில் கேண்டிடா என்ற வகை பல பெண்களின் உடம்பில் எப்போதும் கொஞ்சம் இருக்கும், ஒரு தொந்தரவும் செய்யாது. உறுப்புக்குள் நல்ல கிருமிகளும் இருக்கின்றன. பாலைத் தயிராக்கும் கிருமிகளின் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை லேசான புளிப்புத் தன்மையை உண்டாக்கி, கெட்ட கிருமிகள் பெருகாமல் காவல் காக்கின்றன. இந்தக் காவல் குறைந்தாலோ, பூஞ்சைக்குத் தீனி அதிகமானாலோ அது பெருகிவிடும். அப்போதுதான் அரிப்பு ஆரம்பிக்கிறது.

நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வரும். 12 பேர் உள்ள குழு என்றால் சுமார் 9 பேர். எனவே இது நடத்தை கெட்டதால் வருவது இல்லை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் வரும்.

எப்போது அதிகமாக வரும்?

1. சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதபோது. உடம்பில் சர்க்கரை கூடினால் சிறுநீரிலும் உறுப்பின் ஈரத்திலும் அது கூடும். பூஞ்சைக்கு அதுவே தீனி. சில சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். அதனாலும் அரிப்பு வரலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

2. ஆன்டிபயாட்டிக் மருந்து சாப்பிட்ட பிறகு. சளிக்கும் காய்ச்சலுக்கும் நாமே கடையில் வாங்கிப் போடுகிறோம் அல்லவா, அது நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

3. கர்ப்ப காலத்தில். உடம்பில் நடக்கும் மாற்றங்களால் வரும்.

4. உடம்பில் எதிர்ப்பு சக்தி குறையும்போது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களுக்கும் அடிக்கடி வரலாம்.

5. ஈரமும் வெக்கையும் சேரும்போது. நடவு வயலில் நாள் முழுக்க நனைந்த உள்பாவாடையோடு நிற்கிறோம். காற்றுப் புகாத நைலான் உள்ளாடையோடு தையல் மெஷினில் உட்காருகிறோம். அந்த இடம் புழுங்கிக்கொண்டே இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான்.

6. அளவுக்கு மீறிக் கழுவும்போது. சோப்பு, டெட்டால் போட்டு உள்ளே கழுவினால் சுத்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் காவல்காரரையே விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கிறோம்.

எதை வைத்து அடையாளம் காண்பது?

தயிர்த் திப்பி போலக் கெட்டியான வெள்ளை, கடும் அரிப்பு, சிவந்து வீங்குதல், சிறுநீர் போகும்போதும் உறவின்போதும் எரிச்சல். இவை பூஞ்சைத் தொற்றின் அறிகுறிகள். பெரும்பாலும் கெட்ட நாற்றம் இருக்காது.

மீன் கவிச்சி போல நாற்றத்தோடு சாம்பல் நிறத்தில் தண்ணீராகப் போனாலோ, மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் நுரைத்து வந்தாலோ அது வேறு கிருமியாக இருக்கலாம். அதற்கு மருந்தும் வேறு. அதனால்தான் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மருந்து நமக்குக் கேட்பதில்லை.

வராமல் தடுக்க நாம் செய்யக்கூடியவை

- வெளிப்புறத்தை மட்டும் நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே எதையும் ஊற்றிக் கழுவ வேண்டாம். உப்புத் தண்ணீர், மஞ்சள், தயிர், எலுமிச்சை எதுவும் உள்ளே வைக்கக் கூடாது.
- மலம் கழித்த பின் முன்னாலிருந்து பின்னால் கழுவுங்கள். மலத்தில் உள்ள கிருமி முன்பக்கம் வராது.
- பருத்தி உள்ளாடை அணியுங்கள். வயல் வேலை முடிந்து வந்ததும் ஈரத் துணியை மாற்றுங்கள். சமையலை முடித்துவிட்டு மாற்றலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.
- உள்ளாடையையும் மாதவிலக்குத் துணியையும் வெயிலில் காயப் போடுங்கள். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சேலைக்கு அடியிலோ குளியல் தட்டிக்குள்ளோ போட்டால் அது சரியாகக் காயாது. கூச்சமாக இருந்தால் மேலே மெல்லிய துணி போட்டாவது வெயில் படும் இடத்தில் போடுங்கள்.
- நாப்கினோ துணியோ, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றுங்கள்.
- மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.
- சர்க்கரை இருப்பவர்கள் மாத்திரையைத் தவற விடாதீர்கள். 30 வயதைத் தாண்டியவர்கள் வருடம் ஒரு முறையாவது சர்க்கரை பாருங்கள். 2021-ல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்ந்த பெண் தன்னார்வலர்கள் பலர் நம்மைப் போன்ற குழு உறுப்பினர்கள்தான். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

வைத்தியம் எளிது

பூஞ்சைத் தொற்றுக்கு உறுப்புக்குள் வைக்கும் மாத்திரையோ, வாயில் சாப்பிடும் மாத்திரையோ தருவார்கள். ஊசியும் குளுக்கோஸும் தேவையில்லை. சொன்ன நாள் வரைக்கும் மருந்தை முடிக்க வேண்டும். அரிப்பு நின்றதும் பாதியில் விட்டால் திரும்பி வரும்.

கடையில் அரிப்புக்கு என்று கொடுக்கும் பல டியூப்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். போட்டதும் அரிப்பு அடங்கும், ஆனால் பூஞ்சை உள்ளே வளரும், தோலும் மெலிந்துவிடும். நம் உறுப்பினருக்கு எட்டு மாதம் நடந்தது இதுதான்.

கர்ப்பிணிகள் தாங்களாக எந்த மாத்திரையும் போடக் கூடாது. கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

*வீட்டுக்காரருக்கும் மருந்து வேண்டுமா?*
பூஞ்சைத் தொற்று என்றால் பொதுவாகத் தேவையில்லை. அவருக்கும் அரிப்போ புண்ணோ இருந்தால் காட்ட வேண்டும். வேறு சில தொற்றுகளில் இரண்டு பேரும் சேர்ந்து மருந்து எடுத்தால்தான் குணமாகும். அதை மருத்துவர் சொல்வார்.

*இளநீர், மோர் குடித்தால் சரியாகுமா?*
உடம்புக்கு நல்லது, தாராளமாகக் குடியுங்கள். ஆனால் பூஞ்சைக்கு அது மருந்து இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் இளநீரை அளவாகக் குடிக்க வேண்டும்.

*திரும்பத் திரும்ப வந்தால்?*
ஒரு வருடத்தில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் வந்தால் கட்டாயம் சர்க்கரை பாருங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யச் சொல்லலாம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் அது இலவசம், விவரத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள்.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை

அடிவயிற்று வலியோடு காய்ச்சல், கெட்ட நாற்றம், புண் அல்லது கொப்புளம், உறவுக்குப் பின் இரத்தம், மாதவிலக்கு நின்றுபோன பிறகு இரத்தம் படுதல். இவற்றில் எது இருந்தாலும் நாள் கடத்தாதீர்கள். இரத்தம் படுவது கருப்பை வாய்ப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்த முடியும்.

குழுவில் பேசுவோம்

கடன் கேட்க ஒரு காலத்தில் கூச்சப்பட்டோம். வங்கி மேலாளர் முன்னால் உட்காரப் பயந்தோம். இன்று தைரியமாகப் பேசுகிறோம். நம் உடம்பைப் பற்றி மட்டும் ஏன் இன்னும் ரகசியமாகப் பேச வேண்டும்? அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத அக்காமார்களும் கேட்கட்டும். ஒரு கூட்டத்துக்குக் கிராம சுகாதார செவிலியரை அழைத்துத் தீர்மானம் போடுங்கள். தனியாக மருத்துவமனைக்குப் போகத் தயங்குபவர் இருந்தால் குழுவிலிருந்து ஒருவர் துணைக்குப் போங்கள்.

நம் உறுப்பினர் எட்டு மாதம் தனியாகக் கஷ்டப்பட்டார். முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் அந்த ஆட்டுப் பணமும் மிஞ்சியிருக்கும், சர்க்கரையும் முன்பே தெரிந்திருக்கும்.