நோயாளி சொல்லும் மறதி

செய்யாறும் வேகவதியும் பாலாற்றில் கலக்கும் இடம் திருமுக்கூடல். பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. தமிழக மருத்துவ வரலாற்றை எழுத உட்காருகிற யாரும் அதைப் படிக்காமல் நகர முடியாது. ‘வீரசோழன்’ என்ற பெயரில் நடந்த ஆதுலசாலையில், அதாவது மருத்துவமனையில், 15 படுக்கைகள், நோய் பார்க்க ஒரு மருத்துவர், ‘சல்லியக்கிரியை’ என்ற அறுவைத் தொழில் தெரிந்த ஒருவர், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளப் பெண்கள், இவர்களுக்குக் கொடுக்க வேண்டிய நெல், காசு, இருப்பில் வைக்க வேண்டிய தைலங்கள், கடுக்காய் சேர்ந்த மருந்துகள் என எல்லாம் அளவோடு பதிவாகியிருக்கின்றன.

படுக்கையில் கிடந்தவர் தன் உடம்பைப் பற்றி என்ன சொன்னார் என்பது அதில் இல்லை. கோயில் கணக்கில் அதைத் தேடவும் கூடாது. ஆனால் மருத்துவப் பதிவேடுகளிலும் அந்த இடம் நெடுங்காலம் வெறுமையாகத்தான் கிடந்தது. காய்ச்சலுக்கு வெப்பமானி, ரத்தத்துக்கு ஆய்வகம், கட்டிக்கு ஸ்கேன் என்று வந்த பிறகும், ‘எனக்கு எப்படி இருக்கிறது’ என்று நோயாளி சொல்வதை முறைப்படி எண்ணாக்கிப் பதிவுசெய்யும் கருவிகள் புற்றுநோய் மருத்துவத்தில் பரவலானது 1990-களில்தான். அவற்றுள் மிகச் சிக்கலானது மறதியையும் கவனச்சிதறலையும் அளக்கும் கருவி.

அந்தத் திருமுக்கூடலுக்கு அருகே, இன்றைய காஞ்சிபுரத்தில் புற்றுநோய்க்காரர்கள் தேடிப்போகும் அரசு மருத்துவமனை காரப்பேட்டையில் இருக்கிறது. இதே ஊரில் பிறந்து, 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் பெயரைத் தாங்கியது அது. அதற்கு முந்தைய செப்டம்பரில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில். இன்று மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் என்று அறியப்படும் அந்த நிறுவனத்தில்தான், புற்றுநோய் சிகிச்சை சிந்தனையை எப்படிப் பாதிக்கிறது என்று டிம் ஏல்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அண்ணாவின் காலத்தில் உயிர் பிழைப்பதே பெரிய கேள்வி. பிழைத்தவர்கள் பெருகிய பிறகுதான், பிழைத்து எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது.

கீமோ மருந்து ஏற்றி முடிந்து, கொட்டிய முடி திரும்ப முளைத்து, ‘இனி பயமில்லை’ என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய பிறகும் சிலருக்கு ஏதோ ஒன்று சரியாவதில்லை. தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனியிலேயே நிற்கும். அறைக்குள் போனதும் எதற்கு வந்தோம் என்பது மறந்துவிடும். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் கவனம் போய்விடும். ‘தலை மந்தமா இருக்கு’ என்பார்கள். வீட்டில் ‘வயசாகுதில்ல’ என்றோ, ‘கண்டதை நினைக்காதே’ என்றோ ஆறுதல் வரும். வெளிநாடுகளில் நோயாளிகளே இதற்கு வைத்த பெயர் ‘கீமோ மூளை’.

காஞ்சிபுரத்துக் கோர்வைத் தறியில் உட்காரும் ஒருவருக்கு இந்த மந்தம் மறைக்க முடியாத விஷயம். சேலையின் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா. ஊடை ஓடும் ஒவ்வொரு முறையும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். மிதி மாற்ற வேண்டும், புட்டா வர வேண்டிய இடம் நினைவில் நிற்க வேண்டும், பக்கத்தில் கரை நாடாவைத் தள்ளும் துணையாளின் வேகத்தோடு கை ஒத்துப்போக வேண்டும். முந்தியின் நிறம் மாறும்போது பாவு இழைகளோடு புதிய நிற இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் ‘பேட்னி’ வேலைக்கு இன்னும் பொறுமை வேண்டும். எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டே கையை ஓட்டுவது, இரண்டு காரியங்களுக்கு நடுவே கவனத்தை மாற்றி மாற்றி வைப்பது, செய்த இடத்துக்குத் திரும்பி வருவது: நரம்பு உளவியலாளர் சோதிக்க நினைக்கும் திறன்களெல்லாம் இந்த வேலைக்குள் இருக்கின்றன. ‘முன்ன மாதிரி கணக்கு நிக்கல’ என்று சிகிச்சை முடிந்த ஒரு நெசவாளர் சொன்னால், அந்த ஒரு வரியில் மருத்துவருக்கு எவ்வளவோ தகவல் இருக்கிறது.

இந்தப் புகாரை ஆய்வுலகம் காதுகொடுத்துக் கேட்கக் காலம் பிடித்தது. 1998-இல் நெதர்லாந்தில் ஃபிரிட்ஸ் வான் டாம் குழு மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களைச் சோதித்தது. அதிக வீரியக் கீமோ பெற்றவர்களில் 32 சதவீதத்தினரிடமும், வழக்கமான அளவு பெற்றவர்களில் 17 சதவீதத்தினரிடமும் சிந்தனைத் திறன் குறைந்திருந்தது. கீமோவே பெறாத நோயாளிகளில் அது 9 சதவீதம். அதன் பிறகு ஆய்வுகள் பெருகின. 2011-இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று, சொற்பட்டியலை மனத்தில் வைத்துத் திருப்பிச் சொல்வது, எண்களையும் எழுத்துகளையும் மாறி மாறிக் கோடிட்டு இணைப்பது, ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்குவது ஆகிய சோதனைகளைப் பொதுவாகப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது.

இவையெல்லாம் அமைதியான அறையில், ஒரு நேரத்தில் ஒரு வேலையாக நடப்பவை. நோயாளி வாழும் வீடு அப்படிப்பட்டதில்லை. அங்கே அடுப்பு எரியும், குழந்தை அழும், தொலைபேசி அடிக்கும்.

அமெரிக்காவில் லின் வாக்னர், டேவிட் செல்லா முதலியோர் வேறு வழியில் போனார்கள். நோயாளிகளிடமும் சிகிச்சை அளிப்போரிடமும் பேசி, அன்றாடத்தில் எங்கே தடுக்குகிறது என்று கேட்டுச் சேகரித்து, ‘ஃபேக்ட்-காக்’ என்ற வினாத்தாளை உருவாக்கினார்கள். மொத்தம் 37 வினாக்கள். கடந்த ஏழு நாட்களை மட்டும் நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். யோசனை மெதுவாக ஓடியதா, பொருளை வைத்த இடம் மறந்ததா, பேச்சின் நடுவே சொல் கிடைக்காமல் போனதா, பழகிய இடத்துக்கு வழி தடுமாறியதா என்று போகும் 20 வினாக்கள் குறைபாட்டைப் பற்றியவை. ஒருமுறையும் இல்லை என்பதிலிருந்து ஒரு நாளில் பலமுறை என்பது வரை ஐந்து படிகளில் விடை. மற்றவர்கள் இதைக் கவனித்துச் சொன்னார்களா என்று நான்கு வினாக்கள். இன்னும் எவ்வளவு திறமையாக இருக்கிறீர்கள் என்று ஒன்பது. இதனால் வாழ்க்கையும் வேலையும் எவ்வளவு கெட்டன என்று நான்கு.

குறைபாட்டுப் பகுதியில் 18 வினாக்கள் மதிப்பெண்ணில் சேர்கின்றன. உச்சம் 72. மதிப்பெண் கூடினால் நிலைமை நன்று. கலிஃபோர்னியாவில் பாட்ரிஷியா கான்ஸ் உள்ளிட்ட குழு 2020-இல், 54-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்று ஓர் எல்லைக்கோடு சொன்னது. ஏழு நாட்கள் என்ற வரையறைக்கும் காரணம் இருக்கிறது. மறதி உள்ளவரிடம் ஆறு மாதத்தில் எத்தனை முறை மறந்தீர்கள் என்று கேட்டால், அந்தக் கணக்கே மறதியில் கரைந்துபோகும்.

சரி, இந்த மதிப்பெண்ணும் அறைக்குள் நடக்கும் சோதனையும் ஒத்துப்போகின்றனவா? பெரும்பாலும் இல்லை. 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டு அலசல் ஒன்றில், மூன்றில் ஒரு பங்கு ஆய்வுகளே இரண்டுக்கும் தெளிவான தொடர்பைக் காட்டின. மாறாக, மனச்சோர்வு, பதற்றம், உடற்சோர்வு ஆகியவற்றோடு புகார் நெருக்கமாக ஒட்டியிருந்தது. இதை வைத்து ‘அப்படியானால் எல்லாம் மனப்பிரமை’ என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. அந்த முடிவு தவறு. அதை மிகத் தெளிவாகக் காட்டியது அமெரிக்காவின் டார்ட்மத்தில் இரட்டைச் சகோதரிகள் இருவரிடம் நடத்திய ஒரு சிறு ஆய்வு.

2007-இல் வெளியான அந்த ஆய்வின் நாயகிகள் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து கீமோ ஏற்றப்பட்டது. மற்றவருக்கு நோயே இல்லை. நரம்பு உளவியல் சோதனைகளில் இருவருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் சிகிச்சை பெற்றவர் தன் நினைவும் கவனமும் மிகவும் குறைந்துவிட்டதாகச் சொன்னார். எம்ஆர்ஐ எடுத்தபோது அவருடைய மூளையின் வெண்பகுதியில் மாற்றங்கள் கூடுதலாக இருந்தன. நினைவில் வைத்துச் செய்யும் ஒரு பணியைக் கொடுத்துப் பார்த்தபோது, சகோதரியைவிட அவருடைய மூளையில் அதிகப் பரப்பு இயங்கியது. விடை ஒன்றுதான். அதைப் பெற அவர் செலவிட்ட உழைப்பு அதிகம். சோதனைத்தாள் விடையை மட்டும் எண்ணியது. அந்தப் பெண் உழைப்பையும் சேர்த்துச் சொன்னார்.

இருவரை வைத்து உலகத்துக்குப் பொதுவிதி எழுத முடியாது. ஆனாலும், ‘முன்பைவிடக் கஷ்டப்பட்டுத்தான் செய்கிறேன்’ என்ற சொல்லுக்கு உடலில் ஓர் அடித்தளம் இருக்க முடியும் என்று காட்ட இது போதும். நோயாளியின் சொல்லைச் சோதனையின் மங்கலான நிழலாக நடத்துவதை மருத்துவம் விட்டாக வேண்டும். சோதனை ஒன்றை அளக்கிறது, நோயாளி வேறொன்றைச் சொல்கிறார். இரண்டும் வேண்டும்.

ஒப்பிட ஆள் இருந்தால் இந்தச் சொல் எவ்வளவு வலுப்பெறும் என்பதை மிஷெல் ஜேனல்சின்ஸ் குழு 2017-இல் காட்டியது. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கவிருந்த 581 பெண்கள், அதே வயதுடைய நோயில்லாத 364 பெண்கள். இரு தரப்பினரிடமும் முதலிலேயே ஃபேக்ட்-காக் வினாக்கள் கேட்கப்பட்டன. கீமோ முடிந்து ஆறு மாதம் ஆன பிறகும், தொடக்கத்தைவிடச் சரிந்திருப்பதாகக் காட்டியவர்கள் நோயாளிகளில் 36.5 சதவீதம். நோயில்லாதவர்களில் 13.6 சதவீதம். முதல் அளவு இல்லாமல் போயிருந்தால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே முடியாது. நம் ஊரில் பெரும்பாலும் தவறிப்போவது அந்த முதல் அளவுதான்.

எத்தனை புள்ளி குறைந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும்? இதற்குச் சிங்கப்பூரில் விடை தேடினார்கள். அங்குள்ள மார்பகப் புற்றுநோய் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், ஃபேக்ட்-காக்கின் 37 வினாக்களுக்கும் சேர்த்து 148-க்கான மொத்த மதிப்பெண்ணில் 6.9 முதல் 10.6 புள்ளி வரையிலான மாற்றம் நோயாளியே உணரும் மாற்றம் என்று கண்டார்கள். இப்படி ஓர் எண் கையில் இருந்தால், ‘கொஞ்சம் மறதி’ என்று சொல்லி அனுப்பிவிட முடியாது.

இந்தியாவில் ஆண்டுக்கு 14 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. இவர்களிடம் சிந்தனையைப் பற்றி எவ்வளவு கேட்கிறோம்? பரவலாகப் பயன்படும் ஐரோப்பிய வாழ்க்கைத்தர வினாத்தாளில் 30 வினாக்கள். அவற்றில் சிந்தனையைப் பற்றியவை இரண்டே இரண்டு. ஒன்று ஞாபகம். மற்றொன்று செய்தித்தாள் படிப்பது, தொலைக்காட்சி பார்ப்பது போன்றவற்றில் கவனம் நிற்கிறதா என்பது. செய்தித்தாளே படிக்காத, நாள் முழுக்கத் தறியில் இருக்கும் ஒருவருக்கு இந்த இரண்டாவது வினா எட்டாது. உள்ளூர் வாழ்க்கையிலிருந்து வினா எழுப்பும் மரபு நம்மிடமும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், இ. விதுபாலா உள்ளிட்ட குழுவினர் இந்திய நோயாளிகளுக்கென்றே ஒரு வாழ்க்கைத்தர வினாத்தாளை உருவாக்கிச் சரிபார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2004-இல் வெளியிட்ட நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பு வயது, பாலினம், கல்வி ஆகியவற்றைப் பொறுத்து மதிப்பெண்களை ஒப்பிட வழி தருகிறது.

சரிபார்த்த வினாத்தாளில் இஷ்டத்துக்குக் கை வைக்கக் கூடாது. வைத்தால் மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாமல் போகும். ஆனால் அதன் பக்கத்தில் தொழிலைப் பற்றிய வினாக்களைச் சேர்ப்பதற்குத் தடையில்லை. கோர்வை எண்ணிக்கை தவறுகிறதா, ஒரு முழம் நெய்ய முன்பைவிட நேரம் பிடிக்கிறதா, பிசகு கண்டு பிரித்து நெய்ய வேண்டியிருக்கிறதா என்று கேட்கலாம். படிக்கத் தெரியாதவருக்குச் செவிலியர் வாசித்துக் காட்டிக் குறித்துக்கொள்ளலாம். செலவு அதிகமில்லை.

கேட்டு என்ன செய்வது என்ற கேள்வியும் நியாயமானதே. ஆஸ்திரேலியாவில் சிந்தனைக் குறை சொன்ன 242 பேரிடம் நடத்திய சோதனையில், வீட்டிலேயே கணினியில் 15 வாரம் செய்த மூளைப் பயிற்சிக்குப் பிறகு, பயிற்சி பெற்றவர்கள் தங்கள் குறைபாடு குறைந்ததாகச் சொன்னார்கள். நேரடிச் சோதனை மதிப்பெண்களில் பெரிய மாற்றம் இல்லை. அவர்களின் நாட்கள் சற்று இலகுவாயின என்பதே ஒரு பலன்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியவை உள்ளன. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்ற வருபவரிடம், முதல் ஊசிக்கு முன்பே ஒருமுறை கேட்டு வைத்து, ஒவ்வொரு வருகையிலும் அதையே கேட்டால், எண் எப்போது சரிந்தது என்று தெரியும். சரிந்தால் ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு, உடன் சாப்பிடும் மற்ற மாத்திரைகள் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு எளிய சிகிச்சை உண்டு. சரிந்த வாரங்களில் பேட்னி வேலையைத் துணையாளிடம் விட்டுவிட்டு, கோர்வை இல்லாத எளிய சேலையை எடுத்து நெய்யுமாறு மருத்துவரே சொல்லலாம். அந்த யோசனையை மருத்துவமனைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், வீட்டிலும் பாவு கொடுத்தவரிடமும் நோயாளி அதைக் காட்ட முடியும்.