இறந்தவர் உடல் இருப்பவர்க்கு உரைக்கும் பாடம்

கிராமத்தில் எதிர்பாராத மரணம் ஒன்று நேர்ந்தால், "போன உயிர் திரும்பி வரவா போகிறது? உடலை அறுக்க விடலாமா?" என்று உற்றார் கலங்குவதையும், போலீசாருக்குத் தெரியுமுன் ஈமக்கடனை முடித்துவிட விரைவதையும் நாம் அறிவோம். துக்கத்தில் எழும் அவ்வுணர்ச்சி இயல்பானதே. ஆயினும், காரணம் அறியப்படாத மரணம் அதே ஊரில், அதே வழியில் மீண்டும் நேரக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

சட்ட மருத்துவம் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதற்கென்று மட்டும் ஏற்பட்டதன்று. காயங்களைப் படித்தறியும் கலை அது. கூரிய கருவியால் விழுந்த வெட்டின் விளிம்பு சீராக இருக்கும். கட்டை, கல் முதலியவற்றால் பிளந்த காயத்தின் விளிம்பு கிழிந்தும் கன்றியும் காணப்படும். கிணற்றில் ஓர் உடல் மிதந்தால், மூழ்கி இறந்தார் என்று நாம் எளிதில் கூறிவிடுவோம். நீரில் விழுமுன்பே உயிர் பிரிந்ததா, மின்சாரம் தாக்கியதா என்று மருத்துவர் ஆராய்வார். மின்சாரமே காரணம் எனத் தெரிந்தால், பழுதான மோட்டார்க் கம்பியை உடனே மாற்றி, அடுத்து இறைக்கச் செல்பவரைக் காக்கலாம் அல்லவா?

2013 ஜூலை 16-ஆம் நாள் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்திலுள்ள கண்டாமன் கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டனர். எஞ்சிய உணவையும் பாத்திரத்தையும் எண்ணெயையும் தடய அறிவியல் ஆய்வகத்தார் சோதித்தபோது, மோனோகுரோட்டோபாஸ் என்னும் பயிர்ப் பூச்சிமருந்து அவற்றில் கலந்திருந்தது வெளிப்பட்டது. பூச்சிமருந்தைச் சமையற்பொருளுக்கு அருகில் வைத்தலும், அதன் காலி டப்பாவை வீட்டு உபயோகத்திற்கு எடுத்தலும் கூடா என்பதே உழவர்க்கு அச்சோதனை தரும் பாடம்.

இவ்விஷயத்தில் ஊராட்சி உறுப்பினர்களுக்குச் சட்டப்படியே கடமை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 34-ஆம் பிரிவின்படி, ஊரில் நேரும் திடீர் மரணம், இயற்கைக்கு மாறான மரணம், ஐயத்திற்குரிய மரணம் ஆகியவற்றை அவர்கள் போலீஸ் நிலையத்திற்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவித்தல் வேண்டும். 194-ஆம் பிரிவின்படி நடைபெறும் பிரேத விசாரணையில், அவ்வூர்ப் பெரியோர் இருவரேனும் உடனிருத்தல் அவசியம். அவ்வாறு அழைக்கப்படுவோர் கண்ணால் கண்ட காயங்களையே கூறவேண்டும். ஊரார் பேச்சைக் கூறலாகாது.

மேலும், பின்வருவனவற்றை நினைவிற் கொள்க. நஞ்சுண்டவர் உயிரோடிருப்பின், மருந்துப் புட்டியை அதன் சீட்டோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்க. சிகிச்சையை முடிவு செய்ய அச்சீட்டு பெரிதும் உதவும். இறந்துவிட்டாரெனின், உடலைக் கழுவாதீர், ஆடையை மாற்றாதீர், கிடந்த பொருள்களை அகற்றாதீர். தூக்கிலிருப்பவரை உயிர் காக்க இறக்கும்போதும், முடிச்சை விட்டுக் கயிற்றை வேறிடத்தில் அறுத்திடுக.

பரிசோதனை முடிந்தபின் உடல் தைக்கப்பட்டு உறவினரிடம் ஒப்படைக்கப்படும். ஈமக்கடனுக்குத் தடையேதும் இல்லை. ஒருவர் இறந்த காரணத்தை அறிந்து, மற்றொருவர் அவ்வாறு இறவாமல் காப்பதே அவருக்கு நாம் செய்யும் சிறந்த மரியாதையாகும்.