சோடா பாட்டிலும் தண்டுவடமும்

கீழே விழாமல், எங்கும் அடிபடாமல் ஒருவருடைய தண்டுவடம் பாதிக்கப்படுமா? பாதிக்கப்படும். தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கும் தொழிலாளர்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்துகளில் ஒன்று இது. காலையில் தானாக நடந்து படகேறியவர், கரை திரும்பும்போது கால்களை அசைக்க முடியாமல் போகலாம். அவர் மீண்டும் நடப்பாரா என்பதில் முதல் சில மணி நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கடலோரப் பள்ளிகளில் பணிபுரியும் நாம் இதன் அறிவியலைத் தெரிந்து வைத்திருந்தால், மாணவர் வழியாக வீடுகளுக்கும் அது போய்ச் சேரும்.

மூச்சடக்கும் முறையும் காற்றுக்குழாயும்

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் அக்காலத்தில் குளித்தவர்கள் கல்லின் எடையால் கீழே இறங்கினார்கள். மூச்சடக்கி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மேலே வந்தார்கள். 1961-க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. சங்கு குளித்தல் தொடர்கிறது. கம்பிரசர் குழாய், சிலிண்டர் ஆகியவற்றின் துணையோடு இறங்குபவர் அடியிலேயே நெடுநேரம் இருக்க முடிகிறது. அதைப் பேச்சுவழக்கில் ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்கிறோம். உள்ளே இருப்பது பெரும்பாலும் அழுத்தி அடைக்கப்பட்ட சாதாரணக் காற்று. அதில் 78 விழுக்காடு நைட்ரஜன். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

நடப்பது என்ன?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 20 மீட்டரில் மொத்த அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் 3 மடங்கு. அழுத்தம் கூடினால் திரவத்தில் வாயுவின் கரைதிறன் கூடும் என்பதைக் கரைசல்கள் பாடத்தில் நடத்துகிறோம். ஆழத்தில் சுவாசிப்பவரின் இரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் அவ்வாறே மிகுதியாகக் கரைகிறது. மெதுவாக, இடையிடையே நின்று மேலேறினால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினால் உடலுக்குள்ளேயே குமிழ்களாகப் பிரியும்.

சோடா பாட்டிலைச் சட்டெனத் திறந்தால் நுரை பொங்குகிறது. மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் அடங்கி வெளியேறுகிறது. வகுப்பில் இரண்டு பாட்டில்களைக் கொண்டு இதைச் செய்து காட்டலாம்.

தண்டுவடத்தில் குமிழ்கள் உண்டானால் நரம்பிழைகள் நசுங்கும். இரத்த ஓட்டமும் தடைபடும். மேலே வந்த சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ மூட்டுவலி, இடுப்பைச் சுற்றிக் கட்டியது போன்ற வலி, கால்களில் மதமதப்பு, சிறுநீர் பிரியாமை ஆகியவை தோன்றலாம். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்காக ஆற்றடியில், அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் வேலை செய்தவர்களையும் இந்நோய் முடக்கியது. தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872-இல் இதற்கு ஆளானார். நைட்ரஜன் குமிழ்களே காரணம் என 1878-இல் பால் பெர்ட் விளக்கினார். படிப்படியாக மேலேறும் அட்டவணையை 1908-இல் ஹால்டேன் வெளியிட்டார்.

முதல் சில மணி நேரம்

அறிகுறி தெரிந்ததும் அவரைத் தட்டையாகப் படுக்க வைத்து, தூய ஆக்சிஜன் கொடுத்து, 108-ஐ அழைக்க வேண்டும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை முறை இறங்கினார் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. சரியாகிவிடும் என்று மறுபடி கடலில் இறக்குவது உயிருக்கே ஆபத்து. உயர் அழுத்த அறையில் வைத்து, குமிழ்களைச் சுருக்கி, ஆக்சிஜன் செலுத்தி, பல மணி நேரம் எடுத்து மெல்ல அழுத்தத்தைக் குறைப்பதே இதற்கான சிகிச்சை. எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. தாமதமானாலும் கைவிட வேண்டியதில்லை.

கிணற்றிலோ மரத்திலிருந்தோ விழுந்து கழுத்து, முதுகில் அடிபட்ட மாணவருக்கு விதி வேறு. கை காலைப் பிடித்துத் தூக்காமல், கழுத்தும் முதுகும் அசையாதபடி ஆம்புலன்ஸ் வரும்வரை காக்க வேண்டும்.

நடை திரும்புவது எப்படி?

அறுந்துபோன தண்டுவட இழைகள் தாமாக மீண்டும் இணைந்து வளர்வதில்லை. ஆனால் எல்லா இழைகளும் அழிந்துவிடுவதும் இல்லை. காயத்துக்குக் கீழே கொஞ்சமாவது உணர்வோ அசைவோ மிஞ்சியிருந்தால் மருத்துவர் அதைப் ‘பகுதிச் சேதம்’ என்பார். மீண்டும் நடக்கும் வாய்ப்பு இவர்களுக்கே அதிகம். எஞ்சிய இழைகள் புதிய பணிகளைக் கற்றுக்கொள்கின்றன. அதற்குத் தேவை ஓயாத பயிற்சி. முதலில் சாயாமல் உட்காருதல், பிறகு இணைகம்பிகளுக்கிடையே நிற்றல், காலிப்பர், வாக்கர், ஊன்றுகோல் எனப் படிகள் நீளும். முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஓராண்டுக்குள் தெரியும். அதற்கிடையே படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் வராமல் காப்பது பயிற்சிக்குச் சமமான வேலை.

எல்லோருக்கும் நடை திரும்பாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்தில் அடிபட்ட பொறியியல் மாணவர் எஸ். இராமகிருஷ்ணனுக்கு நடை திரும்பவில்லை. அவர் 1981-இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு அங்கே மறுவாழ்வுப் பயிற்சி தரப்படுகிறது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நம் பங்கு

தந்தை படுக்கையில் இருக்கும் மாணவர் திடீரென வகுப்புக்கு வராமல் போகலாம். வீட்டில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் கைகளில் ஒன்று அந்த மாணவருடையதாக இருக்கலாம். வருகைப் பதிவேட்டில் ‘வரவில்லை’ எனக் குறிப்பதற்கு முன், வீட்டு நிலையைக் கேட்டறிவோம். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்குச் சாய்தளமும் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தந்த உரிமை. நாம் காட்டும் சலுகை அல்ல.

கரைசல்கள் பாடத்தை இந்த ஆண்டு நடத்தும்போது சோடா பாட்டிலோடு நிறுத்திவிட வேண்டாம். “மெதுவாக மேலே வாருங்கள், கால் மரத்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்” என்று ஒரு மாணவி இரவில் தன் அப்பாவிடம் சொன்னால், அந்தப் பாடம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.