மாவுச்சத்துப் பொதிப்படலம்

மாவுச்சத்துப் பொதிப்படலம் என்பது மரவள்ளிக்கிழங்கு, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு போன்றவற்றின் மாவுச்சத்தில் இருந்து உருவாக்கப்படும், மட்கக்கூடிய மெல்லிய உறை ஆகும். காய்கனிகளைப் பொதிந்து வைக்கவும், அவற்றின் தோல்மீது பூச்சாகப் பூசவும் இது பயன்படுகிறது. மாவுச்சத்து நீரை எளிதில் ஈர்க்கும். இப்படலம் விரைவில் மட்க உதவுவதும், ஈரத்தில் அதை வலுவிழக்கச் செய்வதும் இந்தப் பண்பு.

உருவாக்கம்

மாவுச்சத்தில் அமைலோசு, அமைலோபெக்டின் என்னும் இரு கூறுகள் உள்ளன. நீண்ட சங்கிலி வடிவமுடைய அமைலோசு படலத்திற்கு உறுதி தருகிறது. அமைலோபெக்டின் கிளைத்த அமைப்புடையது. மாவுச்சத்தை நீரில் கலந்து சூடாக்கினால், ஏறத்தாழ 60 முதல் 70 பாகை செல்சியசில் அதன் மணிகள் உப்பி வெடித்துக் கூழாகின்றன. கூழைப் பரப்பி உலர்த்தினால் படலம் கிடைக்கும். அது நொறுங்காமல் வளைவதற்காகக் கிளிசரால் சேர்க்கப்படுகிறது. நாளடைவில் மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி அடுக்குவதால் படலம் விறைப்பாகிறது. ஆறிய சோறு விறைப்பதும் இதே மாற்றத்தால்தான்.

தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல் பகுதிகளின் சவ்வரிசி ஆலைகள் மரவள்ளி மாவுச்சத்தைப் பெருமளவில் உற்பத்தி செய்கின்றன. இவற்றுக்கான கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981ஆம் ஆண்டு சேலத்தில் தொடங்கப்பட்டது.

காய்கனிகளைக் காக்கும் முறை

பறித்த பின்னும் காய்கனிகள் சுவாசிக்கின்றன, நீரையும் இழக்கின்றன. உலர்ந்த நிலையில் மாவுச்சத்துப் படலம் ஆக்சிசனை நன்கு தடுத்துச் சுவாசத்தை மெதுவாக்குகிறது. நீராவியை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை. இதனால் உறைக்குள் நீர்த்துளிகள் படிவதும் பூஞ்சை பிடிப்பதும் குறையும். ஆனால் காய் வாடுவதை முழுமையாகத் தடுக்க இயலாது. மெழுகு, தாவர எண்ணெய் போன்றவற்றைச் சேர்த்து இக்குறை ஓரளவு சரிசெய்யப்படுகிறது.

தென்காசி, குற்றாலம் சூழல்

தென்காசி மாவட்டம் இப்படலத்தின் இரு சிக்கல்களையும் ஒருங்கே காட்டுகிறது. குற்றாலத்தில் சூன் முதல் ஆகத்து வரையிலான சாரல் காலத்தில் ரம்புட்டான், மங்குத்தான் பழங்கள் விற்பனைக்கு வருகின்றன. ரம்புட்டானின் முடிகள் வழியே நீர் வெளியேறுவதால் அதன் தோல் சில நாள்களில் கறுத்துவிடும். அதற்கு உறை தேவைப்படும் அதே நாள்களில் காற்றின் ஈரப்பதம் மிகுந்திருக்கும். மாவுச்சத்துப் படலம் அந்த ஈரத்தை உறிஞ்சி இளகும். மாறாக, எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற புளியங்குடி போன்ற ஊர்களின் வறண்ட வெயிலில், மெழுகு சேராத படலத்தின் வழியே நீர் வெளியேறிப் பழத்தோல் சுருங்கும். ஆகவே ஒரு பழத்திற்கு, ஒரு பருவத்தில் ஏற்ற கலவை மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம்.

மட்கும் தன்மை

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்கு 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. அருவிக்கரையில் வீசப்படும் உறைகள் சிற்றாற்றில் கலந்து, அதன் வழியே தாமிரபரணியை அடையக்கூடும் என்பதால் குற்றாலத்தில் இத்தடை முதன்மை பெறுகிறது.

எனினும் மாவுச்சத்து கலந்த உறைகள் அனைத்தும் மட்குபவை அல்ல. தூய மாவுச்சத்துப் படலத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் சில வாரங்களில் சிதைத்துவிடும். பாலித்தீனுடன் மாவுச்சத்தைக் கலந்தால் மாவுச்சத்து மட்டுமே மறைந்து, நெகிழித் துகள்கள் எஞ்சும். பாலிலாக்டிக் அமிலம் போன்றவை கலந்த உறைகள் முறையாக மட்க, ஏறத்தாழ 58 பாகை வெப்பம் நிலவும் உரக்கிடங்கு தேவை. குளிர்ந்த ஆற்றுநீரில் அவை நெடுங்காலம் கிடக்கும்.

உறையின் மீது அயோடின் கரைசலை இட்டால் தோன்றும் கருநீல நிறம் மாவுச்சத்து இருப்பதைக் காட்டும். நெகிழி இல்லை என்பதை அது உறுதி செய்யாது. மட்கும் நெகிழிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 ஆகும். இத்தரநிலைக்கு உட்பட்ட உறையும் பயன்பாட்டிற்குப் பின் உரக்கிடங்கைச் சென்றடைந்தால்தான் அதன் நோக்கம் நிறைவேறும்.