கொல்லி மலைக் கல்லுக்கு வயது என்ன? லேசர் படிக்கும் 250 கோடி ஆண்டு ஜாதகம்!

கொல்லி மலை என்றதும் 70 கொண்டை ஊசி வளைவுகள் நினைவுக்கு வரும். ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், வல்வில் ஓரி, மிளகு, அன்னாசி என்று பட்டியல் நீளும். ஆனால், இத்தனையையும் 1,000 மீட்டருக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும் கல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தக் கல்லுக்குள் ஒரு ஜாதகமே எழுதியிருக்கிறது. அதைப் படிக்கத்தான் விஞ்ஞானிகள் லேசரைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

கல்லறையிலிருந்து வந்த பெயர்

கொல்லி மலையில் பெருமளவு இருப்பது 'சார்னோக்கைட்' என்ற கருங்கல் வகை. சென்னை பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் ஜல்லிக்காக உடைத்தார்களே, அதே குடும்பத்துக் கல்தான். கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-ல் இந்தப் பெயரைச் சூட்டினார்.

கல்லைப் பார்த்து வயது சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு துணுக்கு சொல்லிவிடும். அதன் பெயர் ஜிர்கான். சர்க்கரைக் குருணையைவிடச் சின்னது. பல மணிகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

மணிக்குள் ஒரு கடிகாரம்

ஜிர்கான் உருவாகும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஈயத்தை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிடும். அந்த யுரேனியம் காலப்போக்கில் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். எனவே, இன்று மணிக்குள் எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் என்று எண்ணினால் வயது தெரிந்துவிடும். 250 கோடி வயதுள்ள மணியில், தொடக்கத்தில் இருந்த 100 யுரேனியம் அணுக்களில் இன்று சுமார் 68 மிச்சமிருக்கும். மற்ற 32 ஈயமாகியிருக்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் இனிமேல்தான். வெங்காயத்தைப் போல ஜிர்கானிலும் அடுக்குகள் உண்டு. நடுவில் இருப்பது கல் பிறந்தபோது உருவானது. வெளி அடுக்கு, பிறகு எப்போதோ அந்தக் கல் பூமிக்கடியில் வெந்தபோது மேலே படிந்தது. மணியை அப்படியே அமிலத்தில் கரைத்து அளந்தால் இரண்டும் கலந்து ஒரு சராசரி வயது கிடைக்கும். தாத்தாவின் வயதையும் பேரனின் வயதையும் கூட்டி இரண்டால் வகுத்த மாதிரி! அது தாத்தாவுக்கும் பொருந்தாது, பேரனுக்கும் பொருந்தாது.

அரிசி அரிப்பது போல...

அதனால்தான் மணியைக் கரைக்காமல், புள்ளிப் புள்ளியாகப் படிக்கும் முறை வந்தது. முதலில் கல்லைப் பொடிக்கிறார்கள். ஜிர்கான் கனமானது. அரிசியில் கல் அரிப்பது போல நீரில் அலசினால் அடியில் தங்கிவிடும். அந்த மணிகளைப் பிசினில் பதித்து, பாதி தேயும்வரை மெருகேற்றுவார்கள். உள்ளே இருக்கும் அடுக்குகள் தெரிய ஆரம்பிக்கும்.

அடுத்து லேசர். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர், 30 மைக்ரான் அகலத்தில் மணியைச் சுடுகிறது. அது தலைமுடியின் தடிமனில் பாதிகூட இருக்காது. அங்கே கிளம்பும் நுண்துகளை ஹீலியம் வாயு அள்ளிக்கொண்டு போய், சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் தள்ளுகிறது. அங்கே எல்லாம் அணு அணுவாக உடைந்து மின்னூட்டம் பெறுகின்றன. கடைசியாக 'மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்' என்ற நிறைமாலைமானி அவற்றை எடைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது.

இந்த லேசர் முறையை ஆலன் கிரே என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1985-ல் செய்து காட்டினார். இன்று டேராடூனில் உள்ள வாடியா இமாலய நிலவியல் நிறுவனம் உட்பட இந்தியாவிலேயே இந்தக் கருவி இருக்கிறது.

கருவி சொல்வதை அப்படியே நம்பிவிட மாட்டார்கள். ஆசாரி தங்கத்தை உரைகல்லில் உரசி ஒப்பிடுவது போல, வயது ஏற்கெனவே தெரிந்த ஒரு ஜிர்கானையும் நடுநடுவே சுட்டுச் சரிபார்ப்பார்கள். கனடாவில் கிடைத்த '91500' என்ற ஜிர்கான் அப்படிப்பட்ட உரைகல். அதன் வயது சுமார் 106 கோடி ஆண்டுகள்.

லேசரை ஒரே இடத்தில் நிறுத்தாமல், வயலில் உழவு சால் போடுவது போல வரிவரியாக ஓட்டினால் வரைபடமே கிடைத்துவிடும். எந்தத் தனிமம் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று நிறம் நிறமாகக் காட்டும். கோமேதகத்தின் இனமான கார்னெட் கனிமத்தில் இட்ரியம் என்ற தனிமம் பெரும்பாலும் நடுவில் குவிந்து, ஓரத்தில் குறையும். அந்த வளையங்களைப் பார்த்தால், மணி எப்படி வளர்ந்தது என்று மரத்தின் ஆண்டு வளையம் போலப் படிக்கலாம்.

பிறப்பு ஒன்று, சோதனை ஒன்று

கொல்லி மலை அடங்கிய சேலம், நாமக்கல் வட்டாரத்தின் சார்னோக்கைட் கற்களைப் புள்ளிப் புள்ளியாக அளந்திருக்கிறார்கள். லேசருக்குப் பதில் அயனிக் கற்றையைப் பாய்ச்சும் கருவியும் இதில் பயன்பட்டது. கிடைத்த விடை: நடு அடுக்கு ஏறக்குறைய 253 கோடி ஆண்டுகள், வெளி அடுக்கு ஏறக்குறைய 248 கோடி ஆண்டுகள்.

அதாவது, முதலில் உருகிய குழம்பாகப் பிறந்திருக்கிறது. சுமார் 5 கோடி ஆண்டுகள் கழித்து, பூமியின் ஆழத்தில் 800 டிகிரி அளவிலான வெப்பத்தில் வெந்திருக்கிறது. அப்போது மரமில்லை, மீனில்லை. நுண்ணுயிர்கள் மட்டும்தான். காற்றில் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன்கூடப் பெருகியிருக்கவில்லை.

இந்த 5 கோடி ஆண்டு இடைவெளி எவ்வளவு நுட்பமானது தெரியுமா? தொடக்கத்தில் 1,000 யுரேனியம் அணுக்கள் இருந்தால், நடு அடுக்கில் இன்று 675 மிச்சம். வெளி அடுக்கில் 681. ஐந்தாறு அணு வித்தியாசம்தான்! அதைத் துல்லியமாகப் பிடிக்க, வேகமாகக் கரையும் யுரேனியம்-235 என்ற இரண்டாவது கடிகாரமும் துணைக்கு வருகிறது.

நகைக்கடைக்கும் வரும் லேசர்

இந்த முறை மலையோடு நின்றுவிடவில்லை. சில நீலக்கல் வகைகளை பெரிலியம் சேர்த்துச் சூடாக்கி, விலை உயர்ந்த ஆரஞ்சு நிறத்துக்கு மாற்றும் வேலை 2000-களின் தொடக்கத்தில் ரத்தினச் சந்தையைக் கலக்கியது. பெரிலியம் மிக லேசான தனிமம் என்பதால் வழக்கமான பரிசோதனைகளில் சிக்கவில்லை. லேசர் நிறைமாலைமானிதான் காட்டிக்கொடுத்தது. கல்லில் விழுந்ததோ கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு குழி மட்டுமே.

கொல்லி மலைக் கல்லின் மதிப்பை ஒரு காலத்தில் டன் கணக்கில்தான் பார்த்தோம். மழையும் வெயிலும் அரித்து மலை உச்சியில் உருவான பாக்சைட்டை வெட்டி, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக அனுப்பினார்கள். லேசருக்கு அந்த லாரி தேவையில்லை. ஒரு கைப்பிடிக் கல் போதும். ஆனால், அந்தக் கல் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். இடம் தெரியாத ஜல்லிக்கு வயது சொல்லலாம், வரலாறு சொல்ல முடியாது. பாறை அதன் இடத்தில் இருக்கும்வரைதான் ஜாதகமும் முழுசாக இருக்கும்.