உஷார்! தோளில் ஏறுவது வீரமா, கரி அடுப்பா?

டாட்டூ கடைச் சுவரில் ஒரு சார்ட் தொங்குகிறதா? ஏ முதல் இஸட் வரை 26 ஆங்கில எழுத்துக்கும் நேராக ஒவ்வொரு சீன எழுத்து போட்டிருக்கிறதா? முன்பணம் போனாலும் போகட்டும், எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஓர் அகரவரிசை சீன மொழியில் கிடையாது, ஜப்பானிய மொழியிலும் கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் சீன எழுத்துகளைத் துண்டு துண்டாக வெட்டி ஏ, பி, சிக்கு ஒட்டிவைத்த சார்ட் அது. பல வருடமாக உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'கவிதா' என்ற பெயரை அதில் தேடிக் குத்திக்கொண்டால், ஆங்கில ஸ்பெல்லிங்கில் உள்ள இரண்டு ஏவுக்கும் ஒரே கிறுக்கல் இரண்டு தடவை வரும். சீனர் பார்த்தால் அது பெயரும் இல்லை, சொல்லும் இல்லை.

சார்ட் இல்லாத கடை என்றால் தப்பித்தோமா? பாப் பாடகி அரியானா கிராண்டேவுக்கு இல்லாத வசதியா! 2019 ஜனவரியில், தன் 'செவன் ரிங்ஸ்' பாட்டு வெளியான கையோடு, உள்ளங்கையில் 'ஏழு மோதிரங்கள்' என்று ஜப்பானிய எழுத்தில் குத்திக்கொண்டார். வலி தாங்காமல் நடுவில் சில எழுத்துகளை விட்டுவிட்டார். மிஞ்சிய இரண்டும் சேர்ந்து 'ஷிச்சிரின்' ஆகிவிட்டது. மீன், இறைச்சி வாட்டுகிற சின்னக் கரி அடுப்புக்கு ஜப்பானில் அதுதான் பெயர். ஊரே சிரித்த பிறகு, 'மோதிரம்' என்ற சொல்லில் விட்டுப்போன 'விரல்' எழுத்தைச் சேர்த்தார். சேர்த்த இடம் பிசகி, 'கரி அடுப்பு, விரல்' என்று படிக்கும்படி ஆனதுதான் மிச்சம்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஷான் மேரியனுக்கு 'மேட்ரிக்ஸ்' என்று பட்டப்பெயர். ஒலிக்கு ஒலி ஜப்பானிய எழுத்து பொறுக்கிக் காலில் குத்திக்கொண்டார். படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரிவது: பேய், பறவை, கற்பூர மரம்.

இதெல்லாம் பெரிய தப்பு. ஒரு புள்ளியில் நடக்கிற தப்பும் உண்டு. கையை விரித்து, காலை அகட்டி ஓர் ஆள் நிற்பதுபோல இருக்கும் எழுத்துக்கு 'பெரிய' என்று பொருள். அதன் வலது தோளுக்கு மேல் ஒரு புள்ளி விழுந்தால் 'நாய்'. அதே புள்ளி இரண்டு கால்களுக்கு நடுவே விழுந்தால் 'அளவுக்கு மிஞ்சிய'. மொழி தெரியாத டாட்டூக்காரருக்கு அது வெறும் படம். புள்ளியை ஒரு விரற்கடை நகர்த்திவைத்தாலும் அழகாகத்தான் இருக்கும். நாம் 'ண'வில் ஒரு சுழியைக் குறைத்தால் மணம் மனமாகிவிடுவதில்லையா, அதேதான்.

கூகுள் டிரான்ஸ்லேட் இருக்கிறதே என்பார்கள். அங்கேதான் வில்லங்கம். நம்மில் பெரும்பாலோர் 'விடுதலை'யை முதலில் ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்று ஆக்கிக்கொண்டு, பிறகு சீனத்துக்குப் போகிறோம். சீனத்தில் சுதந்திரத்துக்கு ஒரு சொல், காசில்லாமல் கிடைப்பதற்கு வேறு சொல். மாறிப்போனால் தோளில் 'இலவசம்' என்று போர்டு மாட்டிக்கொண்டு திரிய வேண்டியதுதான். சீனாவா ஜப்பானா என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஜப்பானில் 'கடிதம்' என்று எழுதுகிற அதே இரண்டு எழுத்து சீனாவில் கழிப்பறைக் காகிதம்!

எழுத்து சரி, அர்த்தம் சரி என்றாலும் வடிவத்தைத் தோலில் பதிக்கும் ஸ்டென்சில் தாளைத் திருப்பி ஒட்டினால் எல்லாம் இடவலம் மாறிவிடும். முதுகில் குத்தியதைக் கண்ணாடியில் பார்த்துச் சரி என்று தலையாட்டாதீர்கள். கண்ணாடி எப்படியும் திருப்பித்தான் காட்டும். செல்ஃபி கேமராவும் பல போன்களில் அப்படியே. தலைகீழாகக் குத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். மேல் எது, கீழ் எது என்று குத்துகிறவருக்கும் தெரியவில்லை, குத்திக்கொள்கிறவருக்கும் தெரியவில்லை.

'சூப்பர்டிரை' என்கிற பிரிட்டிஷ் கம்பெனி பொருந்தாத ஜப்பானிய வாசகத்தைப் போட்டே சட்டை விற்கிறது. சட்டையைக் கழற்றிவிடலாம். தோலில் ஏறியதை எடுக்கப் பெரும்பாலும் லேசர்தான் வழி. ஒரே தடவையில் போகாது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும். நம் மாநிறத் தோலில் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ போகிற அபாயமும் அதிகம். குத்திய செலவைவிட அழிக்கிற செலவு பல மடங்கு ஆகலாம்.

கேட்க ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற ஜப்பானிய மொழி மையங்கள் இருக்கின்றன. மலேசியாவில் சீனப் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். உறவில் ஒருவராவது இருக்கலாம். ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டியதும், ஊசி படும் முன், வேறொருவரை விட்டுப் பின் கேமராவில் படம் எடுத்து அந்த மொழி தெரிந்தவருக்கு அனுப்புங்கள். 'வீரம்னு எழுதியிருக்கேன், சரியா?' என்று மட்டும் கேட்காதீர்கள். மனம் நோகக் கூடாதென்று சரி என்றுவிடுவார்கள். 'இதுல என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க' என்று கேளுங்கள். பதில் வரும்வரை கையை நீட்டாதீர்கள்.