வாசலில் பழுக்கிறதை விட்டுவிடாதீர்கள்



கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வந்தால் பால்மரம் இலை உதிர்க்கும். பால் குறையும், சம்பளம் குறையும், கடையில் கடன் ஏறும். ஆனால் அதே வறட்சிதான் நமக்கு இன்னொரு பக்கம் நன்மையும் செய்கிறது. சில வாரம் மழையில்லாமல் காய்ந்தால்தான் டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன் மரங்கள் நன்றாகப் பூ வைக்கும். பூத்த மூன்று நான்கு மாதத்தில் பழம். அதனால்தான் ஜூன், ஜூலையில் பாலிங், சிக் பக்கம் போனால் சாலையோரமெல்லாம் பழக்கடை.

வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள். மங்குஸ்தீன் பழத்தைத் திருப்பி அடியைப் பாருங்கள். அங்கே பூப்போல எத்தனை இதழ் இருக்கிறதோ, உள்ளே அத்தனை சுளை. தோல் லேசாக அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் பழசு என்று அர்த்தம். டுரியானை நம் ஊரில் பறிப்பதில்லை, தானே விழ வேண்டும். விழுந்த அன்றைக்கே தின்றால்தான் ருசி.

இப்போது பிள்ளைகள் சுங்கைப்பட்டாணி, கூலிம் கடைகளில் ஆப்பிளையும் கேமரன் மலை ஸ்ட்ராபெரியையும் பார்த்துவிட்டு, வீட்டுக் கொய்யாவை ஏழைப் பழம் என்கிறார்கள். ஸ்ட்ராபெரி நல்ல பழம்தான், கையில் காசிருந்தால் வாங்கிக் கொடுங்கள். அது 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் விளைவது, நம் சூட்டுக்கு வராது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி சுமார் 5 மில்லிகிராம். ஸ்ட்ராபெரியில் சுமார் 60. நம் கொய்யாவிலோ 200-க்கு மேல்! எது ஏழைப் பழம், நீங்களே சொல்லுங்கள்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அதில் நாலு பிள்ளைக்குக் கடைப் பழம் வாங்கிக் கட்டுமா? வாசல் மரம் கொடுப்பதும் ஒரு சம்பளம்தான். சம்பளச் சீட்டில்தான் அது வராது.

இதை நாம் மரம் போன பிறகுதான் உணர்கிறோம். தோட்டம் துண்டாகி விற்கப்பட்டபோது, தாத்தா பாட்டி நட்ட மரங்களை விட்டுவிட்டு அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் எத்தனை! வீட்டுக்கும் வேலைக்கும் நஷ்டஈடு பேசினோம். மரத்தைப் பற்றி வாய் திறந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஆகவே ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டைச் சுற்றி என்ன மரம், எத்தனை, யார் நட்டது, எத்தனை வருஷமாகக் காய்க்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்குப் பேச்சுவார்த்தை என்று வந்தால் அந்த நோட்டோடு வாருங்கள், நாம் சேர்ந்து கேட்போம். அதுவரை பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.